வெளிப்படுத்தின விசேஷம்: ஒரு வாசிப்பு

பைபிளின் கடைசிப் புத்தகத்துக்குத் தமிழில் இரண்டு பெயர்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘வெளிப்படுத்தின விசேஷம்’. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘திருவெளிப்பாடு’. திரை விலகுவதைச் சொல்லும் கிரேக்கச் சொல்லுக்கு இரண்டாவதுதான் நெருக்கம். ஆனாலும் எனக்குப் பழசுதான் பிடிக்கும். ‘என்ன விசேஷம்?’னு வாசலில் கேட்கிற மொழியில் உலக முடிவும் ஒரு சேதியா வந்து சேருது.

ரோமாபுரி ஆட்சியில், பத்மு தீவிலிருந்து சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்குப் போன கடிதம் அது. பயந்து கிடந்தவர்களுக்கு எழுதப்பட்டது. அதைக் கால அட்டவணையாகப் படித்ததுதான் கோளாறு. வில்லியம் மில்லரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 வரை காத்திருந்தார்கள். 2011 மே 21 என்றார் ஹெரால்ட் கேம்பிங்; சேமிப்பைக் கரைத்தவர்களும் உண்டு. நான் எஞ்சினியர், டெட்லைன் தள்ளிப்போவது எனக்குப் பழக்கம். ஆனா இதுக்குப் பேர் நம்பிக்கையா, கணக்கா?

பத்து காஜாவில் என் பாட்டி மிருகங்கள் வரும் அதிகாரங்களைப் புரட்டிவிடுவார். கண்ணீர் துடைக்கப்படும் 21ஆம் அதிகாரத்தின் ஓரம் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருக்கும். தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி பண்ணச் சொன்ன தேதி அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. உலகம் முடியிற தேதியை அவர் யார்கிட்டயும் கேட்டதில்ல.