'வீட்டு மனுஷி' என்ற பட்டம் போதுமா?

சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களில் குழந்தை பார்க்க வரும் பெண்களில் பலர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து அங்கே குடிவைக்கப்பட்ட குடும்பங்கள் அவர்களுடையவை. ஐ.டி. வேலைக்குப் போகும் தாய் தகப்பன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமானால் இவர்கள் வந்தாக வேண்டும். இவர்களைப் பற்றிக் கேட்டால் வீட்டுக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அவங்க எங்க வீட்டு மனுஷி மாதிரி." நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாமல், உறவை மட்டும் நம்பி நடக்கும் இந்த ஏற்பாடு அந்தப் பெண்ணின் மனத்தில் எப்படிப் பதிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நிறைகள் பொய்யல்ல. மகளின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் ஆபரேஷன் என்று அவசரம் வரும்போது வட்டியில்லாமல் கைமாற்று கிடைப்பது இந்த வீட்டில்தான். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க, மருத்துவமனையில் யாரைப் பார்ப்பது என்று சொல்ல ஒரு படித்த ஆள் கிடைக்கிறார். வீட்டுச் சாவியையே கையில் கொடுக்கும் நம்பிக்கை, வேறெந்த வேலையிலும் இந்தப் பெண்களுக்குக் கிடைத்திராத மரியாதை. இதையெல்லாம் அவர்கள் மறப்பதில்லை. வேறு வீட்டில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகாமல் இருப்பவர்கள் உண்டு.

குழந்தையின் மீதுள்ள பாசத்தில் கலப்பே இல்லை. கலக்கமெல்லாம் பெற்றோரை நினைக்கும்போதுதான். பகல் இரண்டு மணிக்குக் குழந்தை சோபாவை விட்டுவிட்டு முதன்முதலாக இரண்டடி வைக்கிறது. பார்த்தது ஆயா மட்டும். அனுபவமுள்ள ஆயா அதை வாய் திறந்து சொல்லமாட்டார். மாலையில் தாய் வந்து, "அக்கா, நடக்கிறான் பாருங்க!" என்று கூவும்போது, தானும் அப்போதுதான் பார்ப்பதுபோல் கைதட்டுவார். கிளம்பும் நேரத்தில் குழந்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதால், தாயின் முகம் வாடுவதற்குள் "அம்மாகிட்ட போ கண்ணு" என்று இறக்கிவிடுவார். அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால் வேலை போகும், ஒட்டாமல் இருந்தாலும் போகும் என்பது அவருக்குத் தெரியும். இந்த நிதானமும் உழைப்புதான். அதைச் சம்பளத்தில் யாரும் சேர்ப்பதில்லை.

குறைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை, மீட்டிங் நீண்டால் எட்டரை வரை இழுக்கிறது. வீட்டு மனுஷியாயிற்றே, கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்டால் அற்பமாகத் தெரியாதா? சம்பள உயர்வு கேட்பது நன்றி மறந்த செயலாகிவிடுகிறது. உதவியாக வந்த கைமாற்றே, அதைக் கழிக்கும்வரை வேறிடம் போகவிடாத கட்டாகவும் மாறுகிறது. அதே வீட்டில் அவருடைய தம்ளர் தனியாக இருக்கும். கூடத்தில் கேமரா இருப்பதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், "அடுத்த மாசத்திலிருந்து வேண்டாம்க்கா" என்ற ஒரே வரியில் உறவு முடிகிறது. தன் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து வளர்த்த குழந்தையை, அதற்குப் பிறகு பார்க்கக்கூட வழியில்லை.

பழியை வேலைக்குப் போகும் தாய்மார் தலையில் மட்டும் சுமத்துவது அநியாயம். பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதியும் இருக்க வேண்டும். விடுப்பு முடிந்த பிறகு அப்படியொரு காப்பகம் கைக்கெட்டாத தாய்க்கு ஆயாவை விட்டால் வேறு துணையில்லை. சம்பளம், லீவு, கோபம், சமாதானம் எல்லாவற்றையும் இரு பெண்களே பேசித் தீர்க்க, தகப்பன் ஒதுங்கி நிற்பது பல வீடுகளின் வழக்கம்.

சட்டமும் அரைகுறையாகவே துணை நிற்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007-இல் அமைந்தது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்கிறது. ஆனால் வீட்டுப் பணியாளர்களுக்காக 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189-ஆவது உடன்படிக்கைக்கு வாக்களித்த இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இவர்களுக்கென்று தனிச்சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பாசத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உரிமையின் இடத்தில் பாசத்தை உட்கார வைக்கக்கூடாது என்பதே என் முடிவு. நேரம் வரையறுக்கப்பட்ட வீட்டில்தான், கூடுதலாக ஒரு மணி நேரம் இருப்பதை அவர் மனமுவந்து செய்ய முடியும். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேலை நேரம், வார விடுமுறை, ஆண்டுக்கொரு சம்பள உயர்வு, நிறுத்துவதானால் ஒரு மாத அவகாசமும் அந்த மாதச் சம்பளமும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கேமரா இருந்தால் சொல்லிவிடுங்கள். அவர் வேலையை விட்ட பிறகும் குழந்தையின் பிறந்தநாளுக்குக் கூப்பிடுங்கள். வீட்டு மனுஷி என்று சொல்பவர்கள் குறைந்தபட்சம் இவ்வளவாவது செய்யக் கடமைப்பட்டவர்கள்.