டெரர்: பயப்படுகிறவர் யார்?

கோட்டுச்சேரி கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பையன் தன் கணக்கு வாத்தியாரைப் பற்றி "ஆளு செம டெரருடா, ஆனா நல்லவரு" என்றான். அவன் வாயில் அந்தச் சொல் பாதி பயம், பாதி மரியாதை. என் பையில் இருந்ததோ 'ஊபா' சட்டம் பற்றிய ஓர் ஆங்கிலத் துண்டறிக்கை. தோழர்கள் தமிழாக்கித் தரச் சொல்லியிருந்தார்கள். அதிலும் அதே சொல். வழக்கம்போல 'பயங்கரவாதம்' என்று எழுதிவிட்டு மேலே போயிருக்கலாம். பேனா ஓடவில்லை.

தமிழில் அச்சம் என்பது அஞ்சுகிறவரின் மெய்ப்பாடு. தொல்காப்பியம் அதற்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றால் தலைமை. அரசனும் அதில் அடக்கம். கள்வருக்கு அஞ்சுவதும் அரசனுக்கு அஞ்சுவதும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 'அஞ்சினான்' என்று சொன்னதுமே யார், எதற்கு என்ற கேள்வி வந்துவிடுகிறது. 'பயங்கரவாதி' என்ற சொல்லில் பயத்தை உண்டாக்குகிறவன் மட்டும்தான் இருக்கிறான். பயந்தவர் யார் என்று கேட்க அதற்குள் இடமில்லை. நம் தினசரிகள் இதையும் 'தீவிரவாதி'யையும் ஒன்றாகக் கலந்தடிப்பது தனிக்கதை.

இந்தச் சொல்லின் அரசியல் பிறப்பு பிரான்சில். 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த பகுதிக்காரன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை. 1793 செப்டம்பரில், பயத்தையே நாட்டின் நடைமுறையாக்கச் சொல்லிப் பாரிசின் கன்வென்ஷன் சபையில் கோரிக்கை எழுந்தது. 1794 பிப்ரவரியில் ரொபெஸ்பியர் அதை அறத்திலிருந்து பிறக்கிற நீதி என்று நியாயப்படுத்தினார். 1798இல் பிரெஞ்சு அக்காதெமி அகராதியின் பின்னிணைப்பில் ஏறிய 'தெரோரிசம்' ஓர் ஆட்சிமுறையின் பெயர். ஆக, இந்தச் சொல் முதலில் சுட்டியது அரசாங்கத்தை. பிறகு அரசுகள் அதைத் தூக்கி எதிராளியின் தலையில் வைத்துவிட்டன.

குண்டு வெடித்த தெருவில் நின்றவனின் பயம் பொய்யில்லை. அதைச் சொல்ல நம்மிடம் அச்சம், திகில், கிலி, பீதி என்று எத்தனையோ உண்டு. சட்டத்தின் சொல்லாடல் அந்தப் பயத்தைக் கேட்பதில்லை. பீதி உண்டாக்கக்கூடியது என்றாலே அதற்குப் போதும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, விசாரணையே இல்லாமல் தனி மனிதரைப் பயங்கரவாதி என்று பட்டியலில் சேர்க்கலாம்.

ராஜீவ் கொலை வழக்கை நினைத்துப்பாருங்கள். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம், மக்களிடம் பீதியை உண்டாக்குவதோ அரசை மிரட்டுவதோ அந்தக் கொலையின் நோக்கமல்ல, எனவே அது தடாவின்படி பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். ஆனால் தடா இருந்ததால் மட்டுமே சாட்சியமான, போலீஸ் அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலங்கள் செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். சொல் விழுந்துவிட்டது, சொல் செய்த வேலை விழவில்லை. இந்த எழுவரின் விடுதலைக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆனி மாதத்தில் காரைக்கால் மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். சேக்கிழாரின் பிரதியில் புனிதவதி யாரையும் மிரட்டவில்லை. மாம்பழம் வந்தது, மறைந்தது, அவ்வளவுதான். பயந்தவன் பரமதத்தன். மனைவியை அணங்கென்று கருதி, கப்பலேறிப் போய், இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டான். பயம் அவனுடையது; உடம்பை உதறிப் பேயுருவம் கொண்டவளோ அவள். ஆனாலும் பயந்தவன் யாரென்று சேக்கிழார் மறைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு அந்தப் பிரதியை அவள் பக்கம் நின்று நம்மால் வாசிக்க முடிகிறது.

துண்டறிக்கையில் கடைசியாக 'அச்சுறுத்தல்' என்று எழுதினேன். "சட்டத்துல அப்படி இல்லியேண்ணே" என்றார் ஒரு தோழர். இல்லைதான். ஆனால் 'அச்சுறுத்தல்' என்று படிக்கிறவர் யார், யாரை என்று கேட்பார். அந்தக் கேள்வியைச் சட்டம் கேட்காதபோது நாமாவது கேட்டுத் தொலைக்கணும்.