பதினைந்து நிமிஷமும் பரிசோதகரின் அறிக்கையும்

இங்கிலாந்திலே முதியோரையும் நோயாளரையும் அவரவர் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் கம்பனிகளைப் பரிசோதித்து, அவற்றின் தரத்தையும் பாதுகாப்பையும் மதிப்பிட்டு அறிக்கை வெளியிடும் பொறுப்பு 2009-ஆம் ஆண்டு முதல் பராமரிப்புத் தர ஆணைக்குழு என்னும் நிறுவனத்திடம் இருக்கிறது. இவ்வறிக்கைகளை ஒருவகை எழுத்தாகக் கொண்டு விமர்சிப்பது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். ஒரு சமுதாயம் தன் முதியோரைப் பற்றித் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் கதை இந்த அறிக்கைகளிலேதான் எழுதப்படுகிறது. நம்மவர் சிலரின் தாய் தந்தையரும் இன்று லண்டனில் இச்சேவையை நம்பியே முதுமையைக் கழிக்கின்றனர். ஆகவே பொருந்தும் என்பதே நம் கருத்து.

அறிக்கை ஐந்து கேள்விகளைக் கேட்கிறது. சேவை பாதுகாப்பானதா, பயன் தருகிறதா, பரிவுடையதா, தேவையறிந்து நடக்கிறதா, நிர்வாகம் செவ்வனே உள்ளதா என்பன அவை. நல்ல கேள்விகள்தாம். ஆனால் பரிசோதகர் முதலிற் செல்லும் இடம் எது? பதிவு பெற்ற இடம் கம்பனியின் காரியாலயம் ஆதலால் அங்கேதான் செல்கிறார். அங்கு யாராவது இருக்கவேண்டும் என்பதற்காக, வருகையை இரண்டு நாள் முன்னரே அறிவித்துவிடுவதும் வழக்கம். பராமரிப்புத் திட்டங்கள், மருந்துப் பதிவேடுகள், பயிற்சிச் சான்றுகள் யாவும் அங்கே புரட்டப்படுகின்றன. பராமரிக்கப்படுவோர் சிலருடனும் உறவினருடனும் தொலைபேசியிற் பேசுகின்றனர். சில வீடுகளுக்குச் செல்வதும் உண்டு.

இதனை வெறும் காகித வேலை என்று ஏளனம் செய்வோருடன் நாம் சேரமாட்டோம். மருந்துப் பதிவேட்டில் ஒரு நாளுக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தால், அன்று மாத்திரை கொடுபட்டதா, இருமுறை கொடுபட்டதா என்பதை எவரும் அறியார். இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய ஒரு மூதாட்டியிடம் ஒருத்தியை மட்டும் அனுப்பினால் மூதாட்டியின் இடுப்பெலும்பு முறியும், அல்லது வந்தவளின் முதுகு முறியும். இத்தகைய குறையைக் கண்டுபிடிக்கும் அறிக்கை உயிர் காக்கும் அறிக்கை.

குறை எங்கே என்றால், காரணத்தை நாடும்போது அறிக்கை கம்பனியின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஊழியர் பிந்தி வந்தனர் என்பதைக் காண்கிறது. நிர்வாகம் நேரத்தைச் சரிவரக் கண்காணிக்கவில்லை என்று முடிக்கிறது. ஏழே முக்காலுக்கு ஒரு வீட்டில் வேலை முடியவேண்டும். அதே ஏழே முக்காலுக்கு இரண்டு மைலுக்கு அப்பால் இன்னொரு வீட்டில் வேலை தொடங்கவேண்டும். இக்கணக்கின் பொய்யை உணர்வதற்கு ஒரு பரிசோதகர் தேவையா? பஸ்ஸிற் செல்லும் எவருக்கும் அது விளங்கும்.

இக்கணக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 1993-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபொழுது, உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்த விசேட மானியத்தில் 85 வீதத்தை மன்றத்துக்கு வெளியேயுள்ளோரிடமே செலவிடவேண்டும் என்று அரசு விதித்தது. மன்றங்களின் நேரடி ஊழியர் செய்துவந்த வேலை ஒப்பந்தச் சரக்காயிற்று. குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம். விலை குறையக் குறைய நிமிஷமும் குறைந்தது. அரைமணிக்குக் குறைந்த வருகைகள் குறிப்பிட்ட சில சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே உரியன என்று 2015-இல் வழிகாட்டல் வெளிவந்தது. வழிகாட்டல்தான், சட்டம் அன்று. பதினைந்து நிமிஷத்தில் ஒருவரை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, தேநீரும் வைத்துவிட்டு ஓடவேண்டும் என்றால், பரிவு என்ற மூன்றாவது கேள்விக்கு எந்த நிமிஷம் மிஞ்சும்?

அறிக்கை விட்ட இடத்தை ஒரு திரைப்படம் தொடுகிறது. கென் லோச் நெறிப்படுத்தி, போல் லவெர்ட்டி எழுதி, 2019-இல் வெளிவந்த ‘சாரி வி மிஸ்ட் யூ’ என்னும் படத்தில் வரும் அபி நியூகாஸில் நகரத்துப் பராமரிப்புத் தொழிலாளி. கணவன் பொதி விநியோகத்துக்கு வான் வாங்கவேண்டும் என்பதற்காக அவளுடைய கார் விற்கப்படுகிறது. அன்று முதல் அவள் பஸ்ஸில் அலைகிறாள். அந்தக் கார் விலைபோனபோதே எத்தனையோ முதியவரின் காலை உணவும் மருந்தும் பிந்திவிட்டன என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது, படம் காட்டுகிறது. அபியின் தலையை வாரிவிடும் கிழவி, சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தக் காலத்துப் புகைப்படங்களை எடுத்துக் காட்டும் காட்சி அண்மைக்காலப் படங்களில் மிக உயர்ந்த காட்சிகளுள் ஒன்று.

ஆயினும் லோச்சிடம் நமக்கு ஒரு வழக்குண்டு. தொழிற்சங்கம் அவர் படத்திற் புகைப்படமாகவே நின்றுவிடுகிறது. அபியின் நல்ல மனமே அமைப்பின் ஓட்டைகளையெல்லாம் அடைக்கிறது. நல்ல மனத்தை இலவசமாக வாங்கிக்கொள்வதில்தான் கம்பனியின் இலாபமே இருக்கிறது! 2020-இல் வட லண்டன் ஹரிங்கே பகுதியைச் சேர்ந்த பத்துப் பராமரிப்புத் தொழிலாளர், யூனிசன் சங்கத்தின் துணையோடு தொழில் நியாயமன்றில் வழக்காடி, வீட்டுக்கு வீடு செல்லும் நேரமும் வேலைநேரமே என்று நிலைநாட்டினர். அபி தனியே அழுத கண்ணீர் அங்கே வழக்கறிக்கையாயிற்று.

பரிசோதகரையும் பரிசோதித்தார்கள். பெனி டாஷ் என்பவரின் மீளாய்வு 2024-இல் வெளிவந்தது. ஆணைக்குழுவின் அதிகாரத்துக்குட்பட்ட இடங்களில் ஐந்தில் ஒன்று ஒருபோதும் தரமிடப்படவில்லை என்றும், மறதிநோயாளர் ஒருவரையேனும் சந்தித்திராத ஒருவர் பராமரிப்பு இல்லத்துக்குப் பரிசோதகராகச் சென்றார் என்றும் அது கூறிற்று. 2023-இற் புகுத்தப்பட்ட புள்ளிமுறையில் 63 வீதம் பெற்றாலே ‘நன்று’. எல்லாவற்றிலும் ஆகக் குறைந்த புள்ளி பெற்றாலும் 25 வீதம் கிடைக்கும். நமது பாடசாலைகளில் இவ்வளவு தாராளம் இல்லை.

அபியின் படம் வந்த பின்னர் இத்தொழிலுக்கு இன்னொருத்தியும் வந்து சேர்ந்தாள். 2022 பெப்ரவரி முதல் கடல் கடந்த பராமரிப்பாளர்களுக்கு விசா வழங்கப்பட்டது; 2024 மார்ச்சில் குடும்பத்தாரை உடனழைத்து வருவது தடுக்கப்பட்டது; 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆட்சேர்க்கும் வழியே மூடப்பட்டது. முன்னரே வந்தவளின் விசா முதலாளியின் பெயரோடு கட்டுண்டது. வேலை போனால் வேறு முதலாளியைத் தேட அவளுக்கு வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். இருவர் போகவேண்டிய வீட்டுக்குத் தன்னைத் தனியே அனுப்பினார்கள் என்று, முதலாளி கொடுத்த பெயர்ப்பட்டியலைப் பார்த்துத் தொலைபேசி எடுக்கும் பரிசோதகரிடம் அவள் சொல்லுவாளா?