வேர் பிடித்த சுவர்

போர்ட் பிளேர் அபர்டீன் படகுத்துறையில் ஏறினால் சில நிமிடங்களில் ராஸ் தீவு. 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. படகோட்டியின் வாயில் இன்னும் ராஸ்தான்!

1858-இல் ஆங்கிலேயர் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்தின் தலைமையகம் இது. இந்தச் சின்ன இடத்துக்குள் ரொட்டி அடுமனை, அச்சகம், மின்நிலையம், தண்ணீர் காய்ச்சி வடிக்கும் ஆலை எல்லாம் இருந்தன. கைதிகளின் உழைப்பில் எழுந்தவை. 1941 ஜூன் நிலநடுக்கம் உலுக்கியது. மறு வருடம் ஜப்பானியர் வந்தார்கள். அதோடு சரி.

ஆலைக் கூரைகள் போய்விட்டன. நிற்கும் சுவர்களை ஆல, அத்தி இன வேர்கள் பிடித்திருக்கின்றன. கிட்டே போய்ப் பாருங்கள்: செங்கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புக் காரையைத் தேடித்தான் சல்லிவேர் ஓடுகிறது. கொத்தன் போட்ட வரிசை அப்படியே வேரில் பதிந்திருக்கிறது. சில இடங்களில் சுவர் வேரைத் தாங்குகிறதா, வேர் சுவரைத் தாங்குகிறதா என்று சொல்ல முடியாது. வெட்டினால் இரண்டும் விழும்.

பெரும்பாலோர் தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, மான்களைப் பார்த்துவிட்டுப் படகுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் அடுமனைப் பக்கமும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.