முற்றமும் மேடையும்: சித்திரசேனாவின் கலைப்பணி

கண்டிய நடனம் இன்று இலங்கை அரசின் முத்திரைகளுள் ஒன்றாகிவிட்டது. அரச விருந்தினர் வந்திறங்கினால் வெஸ் தலையணி அணிந்த ஆட்டக்காரர் முன்னே செல்வர். கண்டி நகரில் மாலைதோறும் உல்லாசப் பிரயாணிகளுக்காக அந்நடனம் சீட்டுக்கு ஆடப்படுகிறது. ஆனால் ஒரு நூற்றாண்டின் முன்னர் இதே ஆட்டம், கிராம முற்றத்தில், தாழ்த்தப்பட்ட ஒரு சாதியினர் ஊரின் நோய் நீங்கவும் விளைச்சல் பெருகவும் இரவிரவாக ஆடிய சடங்காக இருந்தது. முற்றத்திலிருந்து மேடைக்கு அது வந்த கதையை ஆராய்வோர் எவரும் சித்திரசேனா என்ற பெயரைத் தாண்டிச் செல்ல முடியாது. கலை வரலாற்றைத் தனிமனிதர் படைப்பதில்லை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் வரலாறு திரும்பும் இடத்தில் நின்றவர் எத்தகையவர் என்பதைப் பொறுத்தே, அது எவ்வாறு திரும்பியது என்பதும் அமைகிறது.

சித்திரசேனா முதலில் நடிகர். இதை அவரைப் புகழ்வோரும் பழிப்போரும் ஒருங்கே மறந்துவிடுகின்றனர். 1921 இல் களனியை அடுத்த வரகொடையில் பிறந்த அவருடைய தந்தையார் சீபர்ட் டயஸ், அக்காலத்துச் சிங்கள மேடையில் பெயர்பெற்ற நடிகர்; ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சிங்களத்தில் அரங்கேற்றியவர். ஒத்திகையும் வேடமும் வசனமும் நிறைந்த வீட்டிலே வளர்ந்த பையன், 1936 இல், தன் பதினைந்தாவது வயதில், தந்தையார் தயாரித்த ‘சிரி சங்கபோ’வில் தலைமைப் பாத்திரமேற்றான். கண்டிய ஆட்ட முறையைக் கையாண்ட முதற் சிங்கள நாட்டிய நாடகம் என்று அதனைக் குறிப்பிடுவர். அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1934 இல், தாகூர் தமது குழுவினருடன் கொழும்புக்கு வந்து ‘சாபமோசன்’ நாட்டிய நாடகத்தை மேடையேற்றியிருந்தார். ஆங்கிலக் கல்வி பெற்ற நடுத்தர வகுப்பினர், தம் மண்ணிலும் இத்தகைய கலையொன்று கிடக்கிறதென்று விழித்துக்கொண்ட காலம் அது. அந்த விழிப்பில் தேசிய உணர்வும் இருந்தது. சற்றே நாகரிக மோகமும் இருந்தது.

இளைஞரான சித்திரசேனா கண்டிய நடனத்தை ஏட்டிலே கற்கவில்லை. அல்கம கிரிகணித்த, முத்தனாவே அப்புவா, பெவில்கமுவே லாபயா ஆகிய மரபாசிரியரிடம் சென்று பயின்றார். இவ்வாசிரியர்கள் எந்தச் சமூகத்தின் பிள்ளைகள் என்பதை மாணவர் அறிதல் வேண்டும். கண்டி இராச்சியத்தில் பறையும் ஆட்டமும் பெரவா சாதியினரின் சேவகக் கடமை. கோயில் நிலத்தில் ஒரு துண்டைப் பயிரிடும் உரிமைக்கு ஈடாக அவர்கள் பெரஹராவில் ஆடவும் முழக்கவும் கட்டுண்டவர்கள். 1832 இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டபோதும் விகாரை, தேவாலய நிலங்களில் அக்கட்டு அறுபடவில்லை. உயர்சாதியினர் வீட்டு வாசலில் நின்று பேசியவரே கண்டிய நடனத்தின் பேராசான்கள். கொழும்பிலிருந்து வந்த ஓர் இளைஞர் அவர்களைக் குருவென்று வணங்கிக் கற்றது அக்காலத்தில் சிறிய செயலன்று.

பின்னர் அவர் திருவிதாங்கூருக்குச் சென்று கோபிநாத்திடம் கதகளி கற்றார். 1945 இல் சாந்திநிகேதனுக்கும் சென்றார். 1940களின் முற்பகுதியிலே அவருடைய நடனக்குழு உருவாயிற்று. கொள்ளுப்பிட்டியில் பயிற்சிக்கூடம் எழுந்தது. இந்தப் பயணங்களை வெறும் பட்டியலாகக் கொள்ளலாகாது. அவற்றிலேதான் எமது வாதத்தின் முடிச்சு இருக்கிறது.

கொஹொம்ப கங்காரியச் சடங்கில் ஆடுபவன் யார்? அவன் ஒரு பாத்திரமல்லன். ஊருக்கும் தெய்வத்துக்கும் இடையே நிற்பவன். அவன் தலையிலுள்ள வெஸ் அணி அவனுடைய ஒப்பனையன்று. நாள்பார்த்துச் சடங்கோடு சூட்டப்பட்ட புனிதப் பொருள். வன்னம் பதினெட்டும் யானையின் நடையையும் குதிரையின் பாய்ச்சலையும் பருந்தின் வட்டத்தையும் காட்டும். ஆனால் பசித்த மனிதனையோ பொறாமை கொண்ட மனிதனையோ காட்டா. சடங்கு அதைக் கேட்கவுமில்லை. நடிகராக வளர்ந்த ஒருவர் இவ்வாட்டத்தைக் கற்கும்போதுதான் புதியதொரு கேள்வி பிறக்கிறது: இம்மனிதன் யார், இவனுக்கு என்ன வேண்டும், இவன் எதிரே நிற்பவன் யார்? கண்டிய நடனத்தின் காலடியும் கையசைவும் வலிமை மிக்கவை; முகம் அவ்வளவாகப் பேசாது. முகத்துக்கும் கதைக்கும் உரிய இலக்கணத்தை அவர் கதகளியிலே கண்டார். பல பாத்திரங்களை ஒரே இசையோட்டத்தில் கோக்கும் வழியைத் தாகூரின் நாட்டிய நாடகங்கள் காட்டின. ‘பலே’ என்ற பெயரில் அவர் சிங்கள மேடைக்குத் தந்த வடிவம் இவற்றின் கூட்டே.

அவருடைய எல்லாப் படைப்புக்களையும் இங்கே நிறுத்துப் பார்ப்பது எமது நோக்கமன்று. ‘நளதமயந்தி’ அழகியது, அதில் அன்னமாக வஜிரா ஆடியதை முதியோர் இன்றும் வியந்து பேசுவர். ஆனால் எம்மைப் பொறுத்தவரை அவருடைய வாழ்நாளின் உச்சம் 1961 இல் அரங்கேறிய ‘கரதிய’தான். அமரதேவ இசையமைத்த அந்நாடகத்தின் களம் அரண்மனையன்று, மீனவர் குடியிருப்பு. அரசரையும் தெய்வங்களையும் ஆடிய உடம்பு இங்கே கடலோரத்து உழைப்பாளியின் உடம்பாகிறது. தோணியும் வலையும் காத்திருக்கும் பெண்களும் சொல்லின்றி ஆட்டத்தால் உருவாகின்றனர். கண்டி மலைநாட்டின் முற்றத்தில் பிறந்த காலடி, தென்கடலின் உப்புநீரில் இறங்கியது என்று சொல்லலாம். மரபைக் காப்பதென்றால் அதை உறைய வைப்பதென்று எண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். உறைந்த மரபு எப்படியிருக்கும் என்பதற்கு உல்லாசப் பிரயாணிகளின் மாலைக் காட்சியே சான்று. அங்கே எல்லாம் பழையதுபோலவே இருக்கிறது, எவருடைய வாழ்க்கையும் இல்லை.

வஜிராவைத் தனியே குறிப்பிடாமல் செல்லல் அநீதியாகும். வெஸ் ஆட்டம் ஆணுக்கே உரியதாயிருந்தது. ஆணின் அசைவைச் சற்றே மென்மையாக்கிப் பெண்ணுக்குக் கொடுத்தால் போதும் என்று அவர் எண்ணவில்லை. கண்டிய நடனத்துக்குள்ளே பெண்ணுடம்புக்குரிய ஓர் ஆடல் வழியை அவரே ஆக்கினார். சிறுவருக்கான நாட்டிய நாடகங்களையும் படைத்தார். கணவரின் புகழுக்குப் பின்னால் அவரை ஓர் அடிக்குறிப்பாக வைக்கும் வழக்கம் எமது விமர்சகரிடையே இன்னும் மறையவில்லை.

இனி, குறைகூறுவோரின் பக்கத்தையும் பார்ப்போம். சடங்கு புனிதம் கெட்டது என்று புலம்புவோருடன் எமக்கு உடன்பாடில்லை. புனிதம் என்ற சொல்லே அந்த ஆட்டக்காரனைக் கோயில் நிலத்தோடு கட்டிவைத்த கயிறு. எமது கேள்வி வேறு. ஆட்டம் கொழும்புக்கு வந்தது. ஆட்டத்தைக் காத்த சாதி வந்ததா? நுழைவுச்சீட்டு வாங்கிக் கைதட்டிய கூட்டத்தில் பெரவா கிராமத்தவர் எத்தனை பேர்? நடனம் பாடசாலைப் பாடமாயிற்று. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்றனர். இது முன்னேற்றமே. ஆனால் கலைக்குக் கிடைத்த மதிப்பு அதன் மூலவருக்குக் கிடைத்ததா என்று கேட்டால், சாதி மறைக்கப்பட்டதேயன்றி ஒழிக்கப்படவில்லை என்றே கூற வேண்டும். இப்பழியைச் சித்திரசேனாவின் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையன்று. குருமாரின் பெயர்களை அவர் மறைக்கவில்லை. அவருக்கே நிலையான கூரை இருக்கவில்லை: ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இயங்கிய கொள்ளுப்பிட்டி இல்லத்தை 1982 இல் அவர் இழந்தார். நாட்டின் புகழை வெளிநாடுகளில் ஆடிக்காட்டிய குழுவுக்குத் தாயகத்தில் வந்து சேர்ந்த நிலைமை இது. 2005 இல் அவர் மறைந்தார். அவருடைய பேர்த்தியரின் தலைமுறை பெங்களூரை அடுத்த நிருத்தியகிராமத்துடன் சேர்ந்து 2012 இல் ‘சம்ஹார’ என்ற ஆற்றுகையை உருவாக்கியது. ஒடிசியும் கண்டிய நடனமும் ஒரே மேடையில் நின்றன.

இந்த வரலாறு முழுவதிலும் தூய்மைவாதிக்குச் சாதகமான ஓர் ஏடுகூட இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். கொஹொம்ப கங்காரியத்தின் ஐதிகமே கடல் கடந்து வந்த மலய அரசனைப் பற்றியது. வன்னம் என்ற சொல்லைத் தமிழின் வண்ணத்தோடு இணைத்துப் பேசுவோர் பலர். அதனை மேடைக்குக் கொணர்ந்தவர் மலையாளத்துக் கதகளியிலும் வங்கத்து நாட்டிய நாடகத்திலும் கடன்பட்டவர். அப்படியிருக்க, ஓரினத்தின் தனிச்சொத்தாக இந்நடனத்தைக் கொடியில் ஏற்றுவது கலை வரலாற்றின் தீர்ப்பன்று, அரசியலின் தேவை.

தமிழ்ப் பக்கத்தில் இதற்கு நிகரான முயற்சியும் கண்டி மாவட்டத்திலேயேதான் நடந்தது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். அவற்றில் நடிகராக நின்ற சி. மௌனகுரு பின்னர் தாமே நெறியாளராகி, 1969 இல் ‘சங்காரம்’ நாடகத்தில் கூத்தின் ஆட்டத்தை வர்க்கப் போராட்டத்தின் மொழியாக்கினார். நடிகனின் கேள்வி சடங்காட்டத்தைத் திறந்துவிடும் என்பதற்கு அதுவும் சான்று.

பேராதனை வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் வீதிக்குக் கலஹா வீதி என்றே பெயர். அவ்வீதி மேலேறி எமது தோட்டங்களை வந்தடைகிறது. கலஹாவும் தெல்தோட்டையும் தாண்டினால், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர. அந்த வீதியின் கீழ்முனையில் மட்டக்களப்புக் கூத்து புத்துயிர் பெற்றபோது, மேல்முனையில் லயன் முற்றங்களில் காமன் கூத்து ஆடப்பட்டுக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஆடச் சித்திரசேனா ஒருவர் எமக்கு ஏன் வாய்க்கவில்லை? திறமையின்மை காரணமன்று. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் ஆட்டத்தை எந்த அரசு தன் ஆட்டமென்று ஏற்கும்? ஓய்வு என்பதே இல்லாதவனுக்குப் பயிற்சிக்கூடம் எங்கே? மாசி மாதத்தில் இரவிரவாக ரதியாகவும் மன்மதனாகவும் ஆடுகிறவன், காமன் எரிந்த சாம்பல் ஆறுமுன்னரே முகத்து அரிதாரத்தைக் கழுவிவிட்டுப் பெரட்டுக் களத்தில் தன் பெயருக்குக் குரல் கொடுக்க வேண்டியவன்.