சதியும் லீலாவதியும்

லீலாவதி என்ற பெயர் தமிழ்ச் சினிமாவுக்குப் புதிதன்று. 1936ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில், குடியாலும் கூடா ஒழுக்கத்தாலும் கெட்டழிந்த கணவன் இலங்கைக்குத் தப்பியோடித் தேயிலைத் தோட்டக் கூலியாகிறான், மனைவி காத்திருக்கிறாள். அதே பெயரை 1995இல் ஒரு நகைச்சுவைப் படத்துக்குச் சூட்டினார், மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. சதி என்றால் பத்தினி. சூழ்ச்சி என்றும் பொருளுண்டு. படம் சுவைப்பது இரண்டாம் பொருளில்தான்.

இரு குழந்தைகளுக்குத் தாயான, உடல் பருத்த மனைவியை (கல்பனா) விட்டு, அருண் (ரமேஷ் அரவிந்த்) பிரியா (ஹீரா) என்னும் இளம்பெண்ணை நாடுகிறான். அவளோடு களவாகப் பெங்களூர் சென்ற இடத்தில் வைத்தியர் சக்திவேலின் குடும்பத்திடம் அகப்பட்டு, ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய்களைப் பெற்றெடுக்கிறான். கிரேஸி மோகனின் வசனம், கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசும் கொங்குத் தமிழ் ஆகியவற்றின் சுவையை மறுப்பதற்கில்லை.

ஆயினும், யாருடைய செலவில் சிரிக்கிறோம் என்று கேட்டாக வேண்டும். லீலாவதியின் பருமன் கேலிப்பொருளாகிறது. அதே வேளையில், அக்கேலியால் அவள் நோவதையும் கல்பனாவின் முகம் நமக்குக் காட்டிவிடுகிறது. 1999இல் இந்தியில் ‘பீவி நம்பர் 1’ என எடுத்தபோது மனைவி வேடத்தைக் கரிஷ்மா கபூருக்குக் கொடுத்தார்கள். அந்த நோவுக்கே அங்கு இடமில்லாது போயிற்று!

படத்தின் உயிர் இருப்பது பிற்பகுதியில். அருணும் பிரியாவும் வாழும் வீட்டுக்குக் குழந்தைகள் வந்து சேர்கின்றனர். சோறு, குளிப்பு, பள்ளிக்கூடம், நோய் என அன்றாடம் வளரும் பாரத்தில் காதல் மூச்சுத் திணறுகிறது. ஊதியமும் ஓய்வுமில்லாத இல்லத்துழைப்பைப் பிரசங்கம் செய்யாது உணர்த்திய தமிழ்ப் படங்கள் மிகச் சில. இவ்வகையில் இப்படம் பல ‘சமூகப் படங்களை’ விட மேலானது.

முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. இதே பாலு மகேந்திரா 1993இல், ‘அர்த்’ என்ற இந்திப் படத்தைத் தழுவி ‘மறுபடியும்’ எடுத்தார். அதில் திரும்பி வரும் கணவனை ரேவதி ஏற்க மறுக்கிறாள். இரண்டே ஆண்டுகளில் லீலாவதி ஏற்றுக்கொள்கிறாள். நகைச்சுவை என்றால் குடும்பம் ஒன்றுசேர்ந்தே தீரவேண்டும் என்ற வியாபார விதிக்கு, அவ்வளவு துணிந்த கலைஞரும் பணிந்திருக்கிறார். பிரியாவைப் பழைய காதலனிடம் சேர்த்துவிட்டால் கணக்குத் தீர்ந்ததாம். அருண் செலுத்த வேண்டிய விலை யாது?

முகத்துவாரத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்கையில் வேறொன்றும் தோன்றுகிறது. எங்கள் பகுதியிலும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்வதுண்டு, மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக. அவ்வீடுகளில் அடுப்பு மூட்டுவது பாட்டி. பாட்டி இல்லையேல் வகுப்புக்கு வராது நின்றுவிட்ட மூத்த மகள். அருணைப் போல் பாரந்தாங்காது திணறும் தகப்பனை அங்கே காண்பது அரிது.