அட்டைப்பெட்டியும் ஒலிபெருக்கியும்: புதுச்சேரி ஊரகத் தகவல் மையங்களில் பயனர் பங்கேற்பு

கணினி முறைமையை அதன் பயனரோடு சேர்ந்து வடிவமைக்கும் நெறி ஸ்காண்டிநேவியத் தொழிற்சங்கங்களின் துணையால் வளர்ந்தது. 1981இல் தொடங்கிய உடோப்பியா திட்டத்தில், அச்சுத் தொழிலாளர் வெற்று அட்டைப்பெட்டியை லேசர் அச்சுப்பொறியாகப் பாவித்துத் தம் வேலையை நடித்துப் பார்த்தனர். வெறும் அட்டை என்பதால் அதை வெட்டவும் மாற்றவும் எவரும் தயங்கவில்லை. முன்மாதிரியின் பயன் இத்தயக்கமின்மையில்தான் உள்ளது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். பங்கேற்பு வடிவமைப்புக்குச் சான்றாக இத்திட்டத்தைச் சுட்டுவது வழக்கம். அப்பாராட்டு முழுமையாகப் பொருந்துவதன்று. ஊரார் இடம் தந்தனர், தன்னார்வலராக முன்வந்தனர், எத்தகவல் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டறியப்பட்டது. ஆயினும் கணினியும் வானொலி இணைப்பும் முடிவுற்ற பொருள்களாகவே ஊருக்குள் வந்தன. தன்னார்வலர் ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழைத் தட்டச்சிடப் பழகினர். பழகியவர் பயனரேயன்றிக் கருவி அன்று. உள்ளடக்கத்தைப் பற்றிய கலந்தாலோசனையை வடிவமைப்பு என்று பெயரிடுவது சொல்லைத் தளர்த்துவதாகும்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. கருவடிக்குப்பத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் பெற்ற அலையுயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கடலுக்குப் புறப்படுபவர் திரைமுன் வந்து அமர வேண்டியதில்லை. கரையில் நின்றபடியே கேட்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மக்கள் தம் மையத்தின் ஒலிபெருக்கி வழியாகவே ஊரெங்கும் பரப்பினர். அன்றாடச் செய்திக்கான கருவி அன்று உயிர்காக்கும் கருவியாயிற்று. அட்டைப்பெட்டியை ஒத்த நெகிழ்ச்சி இத்திட்டத்தில் எங்கேனும் இருந்ததெனில், அது கணினியில் அன்று, இந்த ஒலிபெருக்கியில்தான்.

இன்னொரு சிக்கலை ஆய்வாளர் பெரும்பாலும் கடந்து செல்கின்றனர். பயனர் என்பவர் யார்? உடோப்பியாவின் தொழிலாளருக்காகப் பேச ஒரு சங்கம் இருந்தது. சாதியால் பிளவுண்ட ஊருக்கு அத்தகைய ஒற்றைக் குரல் இல்லை. தலித் மக்கள் உட்பட அனைவரும் நுழையத்தக்க பொது இடத்திலேயே மையம் அமைய வேண்டும் என்பது நிறுவனம் விதித்த நிபந்தனை. ஊரின் செல்வாக்குடையோர் விருப்பத்துக்கே இடத்தேர்வு விடப்பட்டிருப்பின், பங்கேற்பின் பெயராலேயே ஒரு பகுதியினர் வாசலில் நிறுத்தப்பட்டிருக்கக்கூடும். இந்த ஒரு முடிவில் வடிவமைப்பாளர் விட்டுக்கொடாததே பயனரின் எண்ணிக்கையை விரித்தது.